பெயர் அவருடையது, கை எங்களுடையது

06-06-2019, 21:47. பயனர்: கணக்கர். செயல்: கட்டணச் சலுகை நீக்கம். மாணவர்கள்: 212.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தாளாளர் இந்த வரியை அச்செடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, தம் கணக்கரின் மேசைமீது வைத்தார். அந்த அம்மாவுக்கு அப்போது 53 வயது. 21 ஆண்டுகளாக அதே மேசை. பள்ளி திறந்த வாரம் அது. சலுகை பெற்றிருந்த பிள்ளைகளின் பெற்றோர் முழுக் கட்டணம் கேட்கும் குறுஞ்செய்தியோடு காலை எட்டு மணிக்கே வாசலில் கூடிவிட்டார்கள்.

"இரவு 9.47-க்கு நான் என் தங்கை வீட்டில் இருந்தேன். அங்கே கணினியே கிடையாது" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். "கணினி பொய் சொல்லாது அம்மா" என்று தாளாளர் பதில் சொல்லியிருக்கிறார். மறுநாளே விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

அந்த வரியை எழுதிய மென்பொருளை எழுதியவள் நான்.

கோவையில் ஒன்பது பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. பள்ளிகளுக்குக் கட்டண வசூல், ரசீது, பஸ் கட்டணம், சலுகை இவற்றுக்கான மென்பொருள் தருகிறோம். அதில் எங்கள் உதவிப் பிரிவுக்கு மட்டும் தெரியும் ஒரு பட்டன் இருந்தது: 'இந்தப் பயனராக நுழை'. அதை 2017-இல் நான்தான் எழுதினேன். தேவை உண்மையானது. ஒவ்வொருவருக்கும் உள்ள அனுமதியைப் பொறுத்து அவரவர் திரை மாறும். "ரசீது பட்டனே காணவில்லை" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அவர் பார்ப்பதை நாமும் பார்க்காமல் காரணம் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பட்டன் வருவதற்கு முன்னால் எங்கள் பையன்கள் வாடிக்கையாளரிடம் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கி, நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் அன்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

நான் எழுதியது நான்கே வரிகள். உள்நுழைந்திருப்பவர் யார் என்பதை நினைவில் வைக்க செஷனில், அதாவது ஒருவர் உள்நுழைந்தது முதல் வெளியேறும்வரை மென்பொருள் வைத்திருக்கும் குறிப்பில், ஓர் இடம் இருக்கும், பயனர் எண். உதவிப் பிரிவில் இருப்பவர் பட்டனை அழுத்தியதும் அவருடைய எண்ணை அழித்துவிட்டு, வாடிக்கையாளரின் எண்ணை அங்கே எழுதினேன். அந்த நொடி முதல் மென்பொருளைப் பொறுத்தவரை எங்கள் பையன் இல்லை. அந்த அம்மா மட்டுமே இருக்கிறார். அதற்குப் பின் நடக்கும் ஒவ்வொரு செயலும் அவர் பெயரிலேயே பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் 'யார்' என்பதற்கு ஒரே ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்திருந்தேன். எழுதும்போது இரண்டாவது பத்தி வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு நடந்தது இதுதான். பஸ் கட்டணத்தில் 37 பிள்ளைகளுக்குத் தொகை தவறாக இருக்கிறது என்று பள்ளி அலுவலகத்திலிருந்து மாலையில் அழைப்பு வந்தது. எங்கள் பையன் மற்ற வேலைகளை முடித்துவிட்டு இரவில் கணக்கரின் பெயரில் நுழைந்தான். பட்டியலில் வடிகட்டியைப் போட மறந்து, எல்லோரையும் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டான். பஸ் கட்டணம் சரியானது. கூடவே 212 சலுகைகள் போய்விட்டன. அவனுக்கே அது தெரியாது. எனவே மறுநாள் கேட்டபோது "நான் சலுகையைத் தொடவில்லை" என்று அவன் சொன்னதும் உண்மைதான்.

எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. பதிவேடு அந்த அம்மாவின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்ததால் நாங்களும் அதையே நம்பினோம். மூன்றாம் நாள் வேறு எதற்காகவோ, வரும் கோரிக்கைகளை வெப் சர்வர் தனியே குறித்துவைக்கும் கோப்பைத் திறந்தேன். அங்கே 21:47-க்கு வந்த அந்தக் கோரிக்கையின் ஐபி முகவரி எங்கள் அலுவலகத்துடையது. அதைப் பார்த்த பிறகு வெகுநேரம் என்னால் நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. மூன்று நாளாக ஒருவர் செய்யாத தவற்றுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்குச் சாட்சி என்னுடைய நிரல்.

நிறுவனத்தின் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காந்திபுரத்தில் பஸ் ஏறி நேரில் போனேன். தாளாளர் முன்னிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். தாளாளர் அவரிடம் வருத்தம் தெரிவித்தார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்:

"என் பெயரில் நீங்கள் உள்ளே வர முடியும் என்று இத்தனை நாளாக யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே மேடம்?"

திரும்பும் வழி முழுக்க அதுதான் காதில் ஒலித்தது. பதிவேடு, பத்தி, செஷன் என்றெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் அடித்தளத்தையே தொட்டுவிட்டார். ஒருவர் பெயரில் செயல்படும் அனுமதியைக் கொடுக்க வேண்டியவர் அந்தப் பெயருக்கு உரியவர். நாங்களோ அதை எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்டோம்.

இந்த வசதிக்கு எங்கள் தொழிலில் வழங்கும் ஆங்கிலச் சொல் இம்பர்சனேஷன். தமிழில் அதற்கு நேரான சொல் ஆள்மாறாட்டம். தேர்வுக்கூடத்தில் வேறொருவருக்காகத் தேர்வு எழுதி மாட்டிக்கொண்டவனைப் பற்றிய செய்தியிலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் போலி ஆளை நிறுத்திப் பத்திரம் முடித்தவனைப் பற்றிய செய்தியிலும் நாம் படிக்கும் அதே சொல். நான் அந்தப் பட்டனுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால், எழுதும் முன்பே ஒருமுறை நின்று யோசித்திருப்பேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஆள்மாறுவதையும் ஒருவர் சார்பாகச் செயல்படுவதையும் பிரித்துச் சொல்லும் நெறிமுறை ஒன்று இருக்கிறது. 2020 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 8693 என்ற இணையத் தர ஆவணம் அது. ஒரு டோக்கனை, அதாவது மென்பொருளிடம் காட்டும் மின்னணு அனுமதிச் சீட்டை, கொடுத்து இன்னொரு டோக்கன் வாங்குவது பற்றியது. ஆள்மாறுவது என்றால், அந்த எல்லைக்குள் அவருக்கும் உனக்கும் வித்தியாசமே தெரியாது. சார்பாகச் செயல்படுவது என்றால், அவர் அவராகவும் நீ நீயாகவும் இருப்பீர்கள். நீ அவருக்காக வந்திருக்கிறாய் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். இந்த இரண்டாவது வகை டோக்கனுக்குள் யாருக்காக என்பது ஒரு புலத்தில் இருக்கும். செய்பவர் யார் என்பது 'ஆக்ட்' என்ற இன்னொரு புலத்தில் இருக்கும். அதைப் படித்த அன்று, எனக்கு இல்லாமல் போன இரண்டாவது பத்தி இதுதான் என்று புரிந்தது.

உண்மையில் இதைத் தெரிந்துகொள்ள நான் ஆர்எஃப்சிக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை. என் அப்பாவைப் பார்த்திருந்தாலே போதும். பெரியப்பா மஸ்கட்டில் இருந்தார். ஊரில் அவர் பங்குக்கு இருந்த 60 சென்ட் நிலத்தை விற்க அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். 2017-இல் கிரயத்துக்கு அப்பாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நான்தான் அழைத்துப்போனேன். பத்திரத்தில் விற்பவர் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர், அவருக்காக அவருடைய பொது அதிகார முகவர் என்று அப்பாவின் பெயர். பக்கத்துக்குப் பக்கம் அப்பா போட்டது அப்பாவின் கையெழுத்து. கைரேகையும் அவருடையது. பெரியப்பாவின் கையெழுத்தைப் போல எழுதியிருந்தால் அது குற்றம். அவருக்காகத் தன் கையெழுத்தைப் போட்டதால் அது கிரயம்.

இன்னொன்றும் கேட்டார்கள்: பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று. கொடுத்தவர் இறந்துவிட்டால் முகவரின் அதிகாரமும் அதோடு முடிகிறது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. எப்போதோ கொடுத்த தாள் கையில் இருந்தால் போதாது. கொடுத்தவர் இன்றும் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே பதிவு. நான் அந்த வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதே ஆண்டில்தான் அந்த நான்கு வரிகளையும் எழுதினேன்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளம் இதை 1970-களிலேயே ஓரளவு சரியாகச் செய்திருந்தது. கடவுச்சொல் கோப்பில் எழுதும் உரிமை ரூட் என்ற தலைமைப் பயனருக்கு மட்டுமே உண்டு. ஆனால் யார் வேண்டுமானாலும் தன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். இதற்கு, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி கண்ட வழி 'செட்யூஐடி'. 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. கடவுச்சொல் மாற்றும் நிரலை நீங்கள் இயக்கினால், அந்த நிரல் ஓடும் நேரத்துக்கு மட்டும் அது ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். ஆனால் இயக்கியவர் யார் என்ற எண் அழிவதில்லை. உண்மைப் பயனர் எண் என்றும் செயல்படு பயனர் எண் என்றும் இரண்டை யூனிக்ஸ் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த நிரலால் உங்கள் கடவுச்சொல்லை மட்டும் மாற்ற முடிகிறது. சர்வர் நிர்வாகிகள் நாள்தோறும் பயன்படுத்தும் 'சூடோ' கட்டளையும் அப்படியே. யார், எந்தப் பெயரில், எந்தக் கட்டளையை இயக்கினார் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைக்கும்.

இரண்டு பேரின் அதிகாரமும் ஒரே கையில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு, நார்ம் ஹார்டி 1988-இல் எழுதிய ஒரு கட்டுரையைவிடத் தெளிவான உதாரணம் நான் பார்த்ததில்லை. டைம்ஷேர் நிறுவனத்தின் கணினியில், ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஒன்று இருந்தது. தன் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைக் குறித்து வைக்க, தான் இருந்த அடைவில் (கோப்புறையில்) எழுதும் அனுமதி அதற்கு இருந்தது. அதே அடைவில்தான் வாடிக்கையாளர்களின் பில் கணக்குக் கோப்பும் இருந்தது. பிழைதிருத்தத் தகவல்களை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று பயனர் சொல்லலாம். ஒருவர் அந்த பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். கம்பைலரும் எழுதிவிட்டது, பில் விவரங்கள் அழிந்தன. அந்தப் பயனருக்கு அதைத் தொட அனுமதியே இல்லை. அவர் ஏவிய நிரலுக்கு இருந்தது. தான் இப்போது யாருடைய அதிகாரத்தில் எழுதுகிறோம் என்று அந்த நிரலுக்குத் தெரியவில்லை. ஹார்டி இதற்கு 'குழம்பிய பிரதிநிதி' என்று பொருள்படும் பெயர் வைத்தார். இன்றும் பாதுகாப்புத் துறையில் அந்தப் பெயர்தான்.

பெரிய இடங்களும் இதில் தவறியிருக்கின்றன. 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். உங்கள் பக்கம் இன்னொருவருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க 'வியூ ஆஸ்' என்ற வசதி இருந்தது. பார்க்க மட்டுமே ஆனது. ஆனால் வீடியோ ஏற்றும் பகுதி ஒன்று அந்தத் திரையில் தவறுதலாகத் தோன்றியது. அது உருவாக்கிய அணுகல் டோக்கன், பார்க்கிறவருக்கு உரியதாக இல்லாமல், யாருடைய கண்ணால் பார்ப்பதாகப் பாவித்தார்களோ அவருக்கு உரியதாக இருந்தது. சுமார் 3 கோடிப் பேரின் டோக்கன்கள் களவு போயின. பாவனைக்காகப் போட்ட பெயர் அடுத்த பகுதிக்குள் போனபோது நிஜ ஆளாகிவிட்டது. என் நான்கு வரிகளில் நடந்ததும் இதேதான்.

நாங்கள் என்ன மாற்றினோம் என்பதைச் சொல்கிறேன். செஷனில் இப்போது இரண்டு எண்கள்: செய்பவர், யாருக்காக. ஒன்று மற்றொன்றை ஒருபோதும் அழிக்காது. பதிவேட்டில் இரண்டு பத்திகள். அச்செடுத்தாலும் இரண்டும் வரும். திரையின் தலையில் பட்டையாக 'நீங்கள் இன்னாருக்காகச் செயல்படுகிறீர்கள்' என்று இருக்கும், மூட முடியாது. புகார் எண் இல்லாமல் நுழைய முடியாது. 30 நிமிடத்தில் தானாக வெளியேறிவிடும். முதலில் பார்க்க மட்டுமே அனுமதி. மாற்ற வேண்டுமானால் கணக்குக்கு உரியவரின் கைப்பேசிக்கு ஒப்புதல் கேட்டுச் செய்தி போகும். அவர் சரி என்றால்தான் கதவு திறக்கும். யார் எப்போது வந்துபோனார் என்ற பட்டியல் அவருடைய பக்கத்திலேயே இருக்கும். இந்தக் கடைசி இரண்டும் கோபியில் குடித்த அந்தக் காபிக்கு நான் பட்ட கடன்.

கடினமாக இருந்தது அனுமதிக் கணக்குதான். உதவிப் பிரிவில் இருப்பவருக்குப் புதிய பயனரை உருவாக்கும் உரிமை கிடையாது. ஆனால் பழைய ஏற்பாட்டில் தாளாளர் பெயரில் நுழைந்தால், தாளாளருக்கு உள்ள எல்லா உரிமையும் அவருக்கு வந்துவிடும்; புதிய பயனரையும் உருவாக்கிவிடலாம். அதாவது, 'இன்னொருவராக நுழையலாம்' என்ற ஒரே அனுமதி, அந்த இன்னொருவரிடம் உள்ள அத்தனை அனுமதிகளுக்கும் சமம். பட்டியலில் அது ஒரு சின்னக் கட்டமாக, மற்றவற்றோடு ஒன்றாக இருந்தது. மேகக் கணினிச் சேவைகளிலும் இதே ஓட்டை வழியாகத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அமேசான் வெப் சர்வீசஸில் 'பாஸ் ரோல்' என்ற அனுமதி அப்படிப்பட்டது. தன்னிடம் இல்லாத அதிகாரத்தை ஒரு சர்வரிடம் ஒப்படைக்கும் உரிமை ஒருவருக்கு இருந்து, அந்த சர்வரைத் தானே இயக்கவும் முடிந்தால், அதிகாரம் அவரிடமே வந்துசேர்ந்துவிடும். பல சர்வர்களில் ஓடும் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸ் இதைச் செம்மையாக வைத்திருக்கிறது. வேறொருவர் பெயரில் செயல்படுவதற்கு அங்கே தனி அனுமதி உண்டு; இன்னின்னார் பெயரில் மட்டும் என்று பெயர் குறித்துக் கட்டுப்படுத்தலாம்; தணிக்கைப் பதிவில் உண்மைப் பயனரும் பாவித்த பயனரும் தனித்தனிப் புலங்களில் இருப்பார்கள்.

நாங்கள் எடுத்த முடிவு, இருவருக்கும் பொதுவாக எது உண்டோ அது மட்டும் என்பது. கணக்கருக்கு உண்டு, உதவிப் பிரிவுக்கு இல்லை என்றால் நடக்காது. தாளாளர் பெயரில் யாரும் நுழையவே முடியாது. ஒருவருக்காக நுழைந்தபின் அங்கிருந்து இன்னொருவராக மாறவும் முடியாது. ரசீது போடுவது, கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண் இவை மூன்றும் யாருடைய சார்பிலும் தொட முடியாதவை. எங்கள் பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். "வேலை மெதுவாகிறது அக்கா" என்றார்கள். மெதுவாகத்தான் ஆனது. ஆனால் அன்று 212 பேர் விஷயத்தில் மாட்டிய அதே பையன் ஒருநாள் என்னிடம் வந்து, "இப்போது என் பெயரும் இருக்கிறது அக்கா. நான் செய்யாததை நான் செய்யவில்லை என்று காட்டவும் முடியும்" என்றான். அந்தக் கோணம் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற மாதம் அந்த அம்மாவே அழைத்தார். அவர் ஓய்வுபெற்று ஓராண்டுக்கு மேல் ஆகிறது. "மேடம், கட்டணம் கட்டச் சொல்லி என் பெயர் போட்டுச் செய்தி வருவதாக ஒரு பெற்றோர் எனக்குப் போன் செய்கிறார்" என்றார்.

தேடிப் பார்த்தேன். மாதந்தோறும் 5-ஆம் தேதி காலை 6 மணிக்கு நினைவூட்டல் அனுப்பும் தானியங்கி வேலை ஒன்றை அவர் 2020-இல் அமைத்திருந்தார். அவருடைய கணக்கை ஓய்வுபெற்ற அன்றே பள்ளி முடக்கிவிட்டது. ஆனால் அந்த வேலை, அமைத்த நாளில் அவருக்கு இருந்த அனுமதிகளின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத அறையில் அவர் பெயரிலேயே வேலை செய்துகொண்டிருந்தது. மனிதர்கள் சார்பாக நுழைவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், நிரலும் ஒருவர் சார்பாகத்தான் நடக்கிறது என்பதைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

இந்த வாரம் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தானியங்கி வேலைக்கும் இனி சொந்தமாக ஒரு பெயர் இருக்கும்; யார் கொடுத்த அதிகாரம் என்பது பக்கத்தில் இருக்கும். அனுமதியின் நகலை வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறை ஓடும் முன்பும், கொடுத்தவர் இன்னும் அந்தப் பள்ளியில் இருக்கிறாரா, அந்த உரிமை அவருக்கு இன்றும் உண்டா என்று கேட்கும். இல்லையென்றால் நின்றுவிட்டு, இப்போதுள்ள கணக்கருக்கு ஒரு வரி அனுப்பும். நினைவூட்டல் ஒரு மாதம் போகாமல் போனால் பள்ளிகள் கோபித்துக்கொள்ளும் என்று எங்கள் முதலாளி சொல்கிறார். கோபித்துக்கொள்ளட்டும், நிற்கத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். 5-ஆம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அந்தப் பள்ளியின் வேலையை மட்டும் நேற்றிரவே நிறுத்திவிட்டு, அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.